போலீஸ் ஜீப் மோதிய வழக்கை அதே ஸ்டேஷன் எழுதினால்...

கேள்வி:

என் அண்ணனுக்கு வயது 36. தேவிபட்டினத்துக்கு வடக்கே கடலோரக் கிராமம், நாட்டுப்படகுத் தொழில். 40 நாளைக்கு முன்பு விடியற்காலை நாலரை மணி போல ஐஸ் பெட்டியை எக்ஸெல் வண்டியில் கட்டிக்கொண்டு கரைக்குப் போனவரை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் போலீஸ் ரோந்து ஜீப் அடித்துவிட்டது. ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் அன்று மதியமே உயிர் போய்விட்டது. அங்கே வைத்து ஏட்டையா ஒருவர் எங்கள் மாமாவிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். இப்போது எஃப்ஐஆரைப் பார்த்தால், எக்ஸெல் திடீரென்று வலது பக்கம் திரும்பியதாகவும் அண்ணன்தான் குற்றவாளி என்றும் இருக்கிறது. ஜீப் அவசர அழைப்புக்குப் போனதாம். டிரைவர் குடித்திருந்தார் என்று ஊரில் பேச்சு. அண்ணன் ஹெல்மெட் போடவில்லை, லைசென்சும் இல்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் மூலமாக 3 லட்சம் தருவதாகவும் ராசியாகப் போய்விடும்படியும் சொல்லி அனுப்புகிறார்கள். மதினி, இரண்டு பிள்ளைகள், எங்கள் அம்மா எல்லோரும் அண்ணனை நம்பித்தான் இருந்தார்கள். போலீஸ் மேல் போலீஸிடமே புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்:

தம்பி,

கடிதத்தின் கடைசியில் இருக்கும் 3 லட்சத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை ஒரு வாரம் பொறுக்கும், இது பொறுக்காது. பெரியவர் நாளைக்கே மறுபடி வந்து நிற்பார், கையில் ஒரு தாளும் இருக்கும்.

அந்தத் தாளில் மதினியோ அம்மாவோ கையெழுத்துப் போட வேண்டாம். கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில் வருகிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-ஏ தான் அது. 2 வருடமாக இருந்த உச்சத் தண்டனை 2024 ஜூலை 1 முதல் 5 வருடம். இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று சட்டம் அனுமதிக்கும் குற்றங்களின் பட்டியலில் இது இல்லை. ஆகவே ராசிப் பத்திரத்தால் வழக்கு மூடாது. பிறகு எதற்கு அந்தத் தாள்? உங்கள் வீட்டுச் சாட்சிகள் நாளைக்குக் கூண்டில் ஏறி மாற்றிச் சொல்வதற்கு அது அச்சாரம். கொடுக்கிறவருக்கு அது தெரியும். நடுவில் நிற்கும் பெரியவருக்குத் தெரியுமோ தெரியாதோ, அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். துக்க வீட்டுக்கு நல்லது செய்வதாகவே அவர் நினைத்திருக்கலாம்.

தொகையையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆவது பிரிவில் தவறு யார் மேல் என்ற கேள்வியே கிடையாது. விபத்தில் ஒருவர் இறந்தால் வாகனத்தின் உரிமையாளர் 5 லட்சம் தர வேண்டும், அவ்வளவுதான். எஃப்ஐஆரில் எழுதியிருப்பது முழுக்க உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் 3 லட்சம் குறைச்சல். தவறு ஜீப் மேல் என்று காட்டி 166-ஆவது பிரிவில் கேட்டால் கணக்கு வேறு. அண்ணனின் மாத வருமானம் 15,000 ரூபாய் என்று விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால் வருடத்துக்கு 1,80,000. சொந்தத் தொழில், 40 வயதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டி 2,52,000. நம்பி இருந்தவர்கள் நாலு பேர் என்பதால் அவருடைய சொந்தச் செலவுக்கு கால் பங்கு கழித்தால் 1,89,000. 36 முதல் 40 வயது வரை பெருக்கும் எண் 15. ஆக 28,35,000 ரூபாய். இது என் கற்பனைக் கணக்கு இல்லை. 2009-ல் சர்ளா வர்மா வழக்கிலும் 2017-ல் பிரணய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வகுத்த முறை, எல்லாத் தீர்ப்பாயமும் இப்படித்தான் போடும். துணையை இழந்ததற்கு, ஈமச் செலவுக்கு, வட்டிக்கு என்று தனித்தனியாகவும் வரும். 164, 166 இரண்டில் ஒன்றைத்தான் கேட்க முடியும். நீங்கள் 166-இல் போங்கள்.

15,000 என்பதை எதை வைத்துக் காட்டுவது என்பதில்தான் கடற்கரை வழக்குகள் இளைத்துப் போகின்றன. மாதச் சம்பளச் சீட்டு நம் ஆட்களிடம் இருக்காது. ஆனால் ஏலக் கூடத்தில் கொடுத்த துண்டுச் சீட்டு, வியாபாரியின் பற்றுவரவு நோட்டு, மீனவர் நல வாரிய அட்டை, படகுப் பதிவு, கூட்டுறவுச் சங்கக் கடன் கட்டிய ரசீது எல்லாம் இருக்கும். மதினியிடம் சொல்லி, வீட்டில் கிடக்கும் எந்தக் காகிதத்தையும் எரிக்காமல் ஒரு பையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். துக்கம் முடிந்து வீடு கழுவும்போது போய்விடுகிற காகிதங்கள்தான் பின்னால் லட்சக் கணக்கில் இடிக்கும். மீன்வளத் துறை அலுவலகத்தில் மீனவர் குழு விபத்துக் காப்பீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அண்ணன் பெயர் அதில் பதிந்திருந்தால் அந்தப் பணம் தனி.

பணத்தை யாரிடம் கேட்பது? இன்சூரன்ஸ் கம்பெனியைத் தேடி அலைய வேண்டாம். வணிகத்துக்கு ஓடாத அரசு வாகனங்களுக்கு இன்சூரன்ஸ் கட்டாயமில்லை என்று அதே சட்டத்தின் 146-ஆவது பிரிவு விலக்குக் கொடுத்திருக்கிறது. அப்படிப்பட்ட வண்டிக்கு அரசே பொறுப்பு. மனுவில் கலெக்டரையும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்ப்போம். அரசை அப்படிக் கோர்ட்டுக்கு இழுக்க முடியுமா என்று மாமா கேட்பார். 1962-லேயே முடிந்துபோன கேள்வி அது. ராஜஸ்தானில் உதய்பூர் கலெக்டருக்காக வைத்திருந்த ஜீப்பைப் பழுது பார்த்துத் திருப்பி ஓட்டிவந்த டிரைவர், சாலையில் நடந்து போன ஒருவரை அடித்துக் கொன்றார். இறந்தவரின் மனைவி வித்யாவதி வழக்குப் போட்டார். தனியார் முதலாளி தன் டிரைவருக்கு எப்படிப் பொறுப்போ அப்படியே அரசும் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பான பிறகு அரசு பணம் கட்ட இழுத்தடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது நிறைவேற்று மனுப் போட்டு, தேவைப்பட்டால் ஜப்தி வரைக்கும் போவோம். அரசு பஸ்ஸை ஜப்தி செய்து கோர்ட் வாசலில் நிறுத்துவது உங்களுக்கும் பழகிய காட்சிதானே.

விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் இந்த மனுவைப் போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் 1 முதல் கெடு இருக்கிறது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். உங்களுக்கு இன்னும் நாலரை மாதம் இருக்கிறது. ராமநாதபுரத்திலேயே போடலாம்.

இனி எஃப்ஐஆர். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திப் படிக்க வைத்தது, அண்ணனையே குற்றவாளியாகக் காட்டியிருக்கிறார்கள் என்ற வரிதான். இது ஒரு பழைய வழி. இறந்தவர் குற்றவாளி என்றால் விசாரிக்க ஆள் இல்லை. குற்றவாளி இறந்துவிட்டதால் வழக்கு அற்றுப்போனது என்று ஓர் இறுதி அறிக்கை கோர்ட்டுக்குப் போகும். புகார் கொடுத்தவர் என்ற முறையில் மாமா வீட்டுக்கு ஆர்சிஎஸ் நோட்டீஸ் என்று, வழக்கை முடித்துவிட்டதாகப் போலீஸ் தெரிவிக்கும் ஒரு தாள் வரும். சாதாரணமாகத் திண்ணையில் வைத்து, "இதில ஒரு கையெழுத்துப் போடுங்க, கேஸ் முடிஞ்சிருச்சு" என்பார்கள். மாமா கையெழுத்துப் போடலாம், பெற்றுக்கொண்டேன் என்று மட்டும் எழுதித் தேதி போட்டு. பிறகு அந்த அறிக்கையை ஏற்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட்டிடம் ஆட்சேப மனுப் போட வேண்டும். அதைப் போடாமல் விட்ட குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நோட்டீஸ் வந்ததே தெரியாது என்பார்கள். அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்து ஆறு மாதம் கழித்து எடுத்து வருவார்கள்.

நோட்டீஸ் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மாமாவிடம் ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கியபோது தாளில் என்ன இருந்தது, படித்துக் காட்டினார்களா, அவர் விபத்தை நேரில் பார்த்தாரா என்பதை அவர் வாயாலேயே எழுதி, உறுதிமொழி அத்தாட்சி பெற்ற பிரமாணப் பத்திரமாக்குங்கள். விபத்தைப் பார்க்காத ஒரு மனிதர் எக்ஸெல் வலது பக்கம் திரும்பியது என்று எப்படிப் புகார் கொடுத்தார்? இந்த ஒரு கேள்வி போதும், எஃப்ஐஆர் ஆட்டம் காண. கூடவே உங்கள் தரப்பில் நடந்ததைத் தனிப் புகாராக மாவட்ட எஸ்பிக்கும் ராமநாதபுரம் சரக டிஐஜிக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். சம்பந்தப்பட்ட ஸ்டேஷன் விசாரிக்கக் கூடாது, வேறு உட்கோட்ட டிஎஸ்பியோ சிபிசிஐடியோ விசாரிக்க வேண்டும் என்று அதில் கேளுங்கள். ஒரே சம்பவத்துக்கு இரண்டு எஃப்ஐஆர் கிடையாது என்று யாராவது சொன்னால், எதிர்த்தரப்பின் மாற்றுக் கூற்றுக்கு அந்தத் தடை இல்லை என்று 2004-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. எஸ்பி அலுவலகத்தில் அசைவு இல்லையென்றால் மாஜிஸ்திரேட், அங்கும் நகரவில்லையென்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. கடமையில் இருந்த அரசு ஊழியர் மேலான புகார் என்றால் மாஜிஸ்திரேட் மேலதிகாரியின் அறிக்கையைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஒரு படி சேர்ந்திருக்கிறது. அதனால் கொஞ்சம் நாள் இழுக்கும்.

மாவட்டக் காவல் புகார் ஆணையம் என்று ஒன்று உண்டு. 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வு பெற்ற நீதிபதியின் தலைமையில் அதை அமைக்கச் சொன்னது. நம் மாநிலம் 2013-ல் சட்டம் போட்டபோது கலெக்டரைத் தலைவராக்கி எஸ்பியையும் உள்ளே உட்கார வைத்துவிட்டது. ஒரு மனு அனுப்பி வையுங்கள், அங்கே அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வருடத்துக்குள் எழுதலாம். மாமாவிடம் கையெழுத்து வாங்கிய விதம் அங்கே எடுபடும்.

அவசர அழைப்பு என்ற பேச்சைக் கேட்டு மலைக்காதீர்கள். 2017-ல் வந்த வாகனம் ஓட்டுதல் விதிமுறைகளின்படி தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், போலீஸ் வண்டி மூன்றும் உண்மையான அவசரத்தில் சிவப்பு விளக்கைத் தாண்டலாம், வேக வரம்பை மீறலாம். ஆனால் சைரனும் விளக்கும் போட்டிருக்க வேண்டும், உரிய கவனத்தோடும் ஓட்ட வேண்டும். விடியற்காலை நாலரை மணிக்கு அந்தச் சாலையில் சைரன் போட்டால் கரையில் நிற்பவருக்கும் கேட்கும். கேட்டவர் யார்? அந்த அழைப்பு எங்கிருந்து வந்தது? 100-க்கு வந்ததா, மைக்கில் வந்ததா? கட்டுப்பாட்டு அறைப் பதிவில் அது இருந்தாக வேண்டும். வண்டியின் லாக் புக், ஸ்டேஷன் பொது நாட்குறிப்பு, ஜிபிஎஸ் இருந்தால் அதன் தடம், ஸ்டேஷன் வாசல் கேமரா எல்லாவற்றையும் அழிக்காமல் பாதுகாக்கும்படி எஸ்பிக்கு எழுதும் மனுவிலேயே கேட்டுவிடுங்கள். ஸ்டேஷன் கேமராப் பதிவுகளை நீண்ட நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. தனியார் கேமராக்கள் அப்படி இல்லை. பெட்ரோல் பங்க், டீக்கடை, பள்ளிவாசல் கேமராக்களில் பெரும்பாலும் சில வாரத்தில் பழையது மேல் புதியது பதிந்துவிடும். 40 நாள் ஆகிவிட்டது. இருந்தாலும் இன்றைக்கே போய்க் கேளுங்கள், யாராவது போனில் எடுத்து வைத்திருப்பார்கள்.

பல வருடத்துக்கு முன்பு ஓர் அரசு ஜீப் வழக்கு என்னிடம் வந்தது. எந்தத் துறை, எந்த ஊர் என்பது வேண்டாம். விபத்து நேரத்தில் வண்டி வேறொரு ஊரில் இருந்ததாக லாக் புக்கில் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. அதே லாக் புக்கின் பின்பக்கத்தில் ஒட்டியிருந்த டீசல் ரசீதில் பங்கின் பெயரும் நேரமும் அச்சாகியிருந்தன. அந்த பங்க் விபத்து நடந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரம். எழுதியவர் முன்பக்கத்தை மட்டும் கவனித்திருக்கிறார். அதிலிருந்து எந்த ஆவணத்தைக் கேட்டாலும் பின்பக்கத்துக்கும் சேர்த்து நகல் கேட்பது என் பழக்கம்.

குடித்திருந்தார் என்ற பேச்சைப் புகாரில் எழுத வேண்டாம். நேரில் பார்த்தவர், வாடையை உணர்ந்தவர் யாராவது பெயர் கொடுத்துச் சொன்னால் எழுதலாம். ஊர்ப் பேச்சை எழுதினால் மற்ற உண்மைகளும் சேர்ந்து மங்கிப்போகும். அதற்குப் பதில் ஒரு கேள்வியை எழுதுங்கள்: விபத்துக்குப் பிறகு டிரைவரை எத்தனை மணிக்கு டாக்டரிடம் கொண்டுபோனீர்கள், ரத்தம் எடுத்தீர்களா? சாதாரண லாரி டிரைவர் என்றால் செய்திருப்பார்கள் அல்லவா?

அந்த டிரைவரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படாமல் கேளுங்கள். போலீஸ் வண்டி ஓட்டுபவர் பெரும்பாலும் கான்ஸ்டபிள் அந்தஸ்தில் இருப்பவர். செப்டம்பரில் பரமக்குடி, அக்டோபர் கடைசியில் பசும்பொன், நடுவில் விஐபி வருகை, கடற்கரையில் பீடி இலை கடத்தல் விரட்டு என்று இந்த மாவட்டத்தில் பந்தோபஸ்துக்கு ஓய்வே கிடையாது. கான்ஸ்டபிள்களுக்கு வார விடுப்பு என்று 2021-ல் அரசாணை வந்தது. எத்தனை பேர் அதை எடுக்க முடிகிறது என்று அவர்கள் வீட்டில் கேட்டால் தெரியும். முந்தின நாள் காலையிலிருந்து தூங்காமல் ஓட்டியவர் நாலரை மணிக்குக் கண்ணயர்ந்திருந்தால் அவர் செய்தது தவறுதான். அவரை அந்த நேரத்தில் ஓட்டச் சொன்னது யார்? டியூட்டி ரோஸ்டரையும் கேளுங்கள் என்று சொல்வது அதற்காகத்தான். ஒரு கான்ஸ்டபிளைச் சஸ்பெண்ட் செய்து கோப்பை மூடிவிடுவது எல்லோருக்கும் வசதி. கைது செய்தாலும் 106(1) ஜாமீனில் விடக்கூடிய பிரிவு, அன்றைக்கே வெளியே வந்துவிடுவார். அதைப் பார்த்து வழக்குப் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி வேண்டும் என்றும் பயம் காட்டுவார்கள். அந்தப் பாதுகாப்பு அடிப்படையில் அரசே வேலைநீக்கம் செய்ய வேண்டிய நிலையில் இருக்கும் அதிகாரிகளுக்கானது. இன்னொன்று: போக்குவரத்துச் சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரம் உள்ளவர்களே அதை மீறினால் அபராதம் இரட்டிப்பு என்று 2019 திருத்தத்தில் 210-பி என ஒரு பிரிவு சேர்ந்தது. ஹெல்மெட் இல்லாமல் போன உங்கள் ஊர்க்காரரை மடக்கி வசூலிப்பவர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்களோ.

ஹெல்மெட் விஷயத்தை மறைக்க வேண்டாம். தலையில் அடிபட்டு இறந்தவர் என்றால் அரசு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான். தீர்ப்பாயம் அவர் மேலும் ஒரு பங்கு கவனக்குறைவு இருந்தது என்று தொகையில் கொஞ்சம் கழிக்கலாம். லைசென்ஸ் இல்லாதது அப்படி அல்ல. அது தனிக் குற்றம். அதனால் மட்டுமே விபத்துக்கு அவரும் காரணம் ஆகிவிடமாட்டார் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குற்ற வழக்கில் டிரைவர் விடுதலையானால்கூட நஷ்டஈடு வழக்கு விழாது. அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும், இங்கே எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும்.

விசாரணை அதிகாரி 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கை, 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கை தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது 2022 முதல் விதி. உங்களுக்கு 50-ஆவது நாள் வர இன்னும் பத்து நாள். முதல் அறிக்கையின் நகல் குடும்பத்துக்கு ஏன் வரவில்லை என்று இந்த வாரமே எழுதிக் கேளுங்கள். ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகாதீர்கள். சத்தமும் போடாதீர்கள், அரசுப் பணியைத் தடுத்ததாக உங்கள் மேல் ஒரு வழக்கு விழுந்தால் அண்ணன் வழக்கைப் பார்க்க ஆள் இருக்காது.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண் என்ற ஒரு காரணமே போதும், மதினிக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு, வருமானம் பார்க்க மாட்டார்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். பிணவறை வாசலில் நின்று, வருகிற தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசுகிற ஆட்கள் உங்களையும் பார்த்திருப்பார்கள். வக்கீல் அப்படிப் பங்கு பேசுவதற்கே அனுமதி இல்லை. என் தொழிலைப் பற்றி நானே சொல்கிறேன்.

கடைசியாக, அந்த எக்ஸெல். ஸ்டேஷன் வளாகத்தில்தான் நிற்கும் என்று நினைக்கிறேன். வலது பக்கம் திரும்பிய வண்டியில் ஜீப் மோதியிருந்தால் அடி வலது விலாவில் இருக்கும். ஓரமாக நேரே போன வண்டியைப் பின்னால் வந்து இடித்திருந்தால் பின் மட்கார்டும் பின் விளக்கும் ஐஸ் பெட்டி கட்டிய கேரியரும் நசுங்கியிருக்கும். மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையில் இது வந்தாக வேண்டும். அதன் நகலும், விபத்து இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதிய பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் கோர்ட்டில் மனுப் போட்டால் கிடைக்கும். ஐஸ் எங்கே சிதறிக் கிடந்தது என்று விடியும்போது பார்த்தவர்களிடம் இப்போதே கேட்டுக் குறித்து வையுங்கள். கடற்காற்றில் வண்டி சீக்கிரம் துருவேறிவிடும், வெளியிலிருந்து தெரிகிற அளவுக்காவது நாலு பக்கமும் படம் எடுங்கள். கோர்ட் மூலம் வண்டி கைக்கு வந்த பிறகு பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டாம், விற்கவும் வேண்டாம். நசுங்கியது நசுங்கினபடியே ஒரு தார்ப்பாயால் மூடி வீட்டுக்குப் பின்னால் நிற்கட்டும்.